மூன்றாம் ஓலை முடியும்வரை

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்கு மலைக்கோட்டையும் மழைமேகமும் ஒன்றுதான். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் பெரிது, இரண்டுக்கும் ஓரம் கிடையாது. மைனஸ் பதினெட்டு. பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிடச் சோடாபுட்டி என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. கண்ணாடி இருந்தால் தெரிகிறது, இல்லாவிட்டால் தெரியவில்லை, அவ்வளவுதானே என்று இருந்தேன். வருத்தமெல்லாம் அம்மாவுக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். வீட்டில் நான் ஒரே பிள்ளை. நானும் படித்து முடித்துவிட்டு ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க வேதக்காரர்கள், பங்குக் கோயிலில் நல்ல பெயர். குறை சொல்ல ஒன்றுமில்லை, மூக்கின் மேல் உட்கார்ந்திருந்ததைத் தவிர. வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டார்கள், காப்பியைக் குடித்தார்கள், என் கண்ணாடியைப் பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் ஒளிக்காமல் கேட்டாள்.

“பெறக்குற பிள்ளைக்கும் இது வரும்ல?”

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் மிஞ்சிய கேசரியையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைக்கிறார்கள், அதற்குப் பிறகு கண்ணாடியே வேண்டாம் என்று கோயில் வாசலில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா அவசரப்படாமல் பேசினார். வயதானவர்களுக்குப் புரை விழுந்தால் செய்வதைப் போலத்தான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு, என் பவருக்குத் தகுந்தாற்போல் வேறொன்று வைப்பார்கள். பார்வை நன்றாக வரும். ஆனால் என்னுடையதைப் போன்ற கண்ணில் ஒரு பயம் உண்டு என்றார்.

“ஒங்க கண்ணு நீளமான கண்ணும்மா. பலூன ஊத ஊத மெலிசாகுதுல்ல, அது மாதிரி உள்ள விழித்திரை மெலிஞ்சு கெடக்கு. ஆபரேஷனுக்குப் பெறகு அது கிழியறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஓதம் ஏறுன செவத்துல சுண்ணாம்பு உரியுறது பாத்திருக்கீங்கள்ல? அப்படி உரிஞ்சு வந்துரும்.”

பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுற மாதிரி இருந்தா, கருப்பா புள்ளி கொட்டுனா, ஓரத்துல திரை விழுந்தா, அன்னைக்கே வந்துரணும். வெறும் கிழிசலா இருக்கும்போது வந்தா லேசர் வச்சு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். உரிஞ்சு முடிஞ்சு வந்தா என் கையில ஒண்ணுமில்ல.”

அம்மா தலையை ஆட்டினாள். அப்பா ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

முதலில் வலது கண், சில வாரம் கழித்து இடது கண். இரண்டும் குறையில்லாமல் நடந்தன. ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஊருக்கு வந்த மறுநாள் காலை மொட்டைமாடியில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்தேன். மேலே மதில் தெரிந்தது. மதிலில் பெயர்ந்துபோன இடம் தெரிந்தது. யாரோ குடை பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று அப்பா சொல்வார். சந்தோஷமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம் எப்படி இருந்தது என்று கேட்டால் இப்போது சொல்ல வரவில்லை.

அம்மா செய்த முதல் காரியம், சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த என் புதுநன்மைப் படத்தை இறக்கியதுதான். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுத்திரி, மூக்கில் சோடாபுட்டி. படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் பளிச்சென்று தெரிந்ததால் அங்கே மாதா காலண்டரை மாட்டினாள். பழைய கண்ணாடிகள் எல்லாம் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த சம்பந்தம் கொடைரோட்டுக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே பழக்கடை. மாப்பிள்ளை கடையையும் பார்த்துக்கொண்டு, தோட்டங்களில் திராட்சை எடுத்து லாரியில் வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேச்சுவாக்கில் கேட்டார்.

“இப்பப் படிச்ச பிள்ளைக எல்லாம் கண்ணாடி போட்டுல திரியுதுக. ஒங்க பொண்ணுக்கு அதெல்லாம் இல்லியே?”

“இல்ல மதினி” என்றாள் அம்மா.

பொய்யில்லை. கண்ணாடி இல்லைதான். நிச்சயம் முடிந்தது.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் என்றால் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து, பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும், பூசையின்போது சாமியார் இரண்டு பேர் பெயரையும் ஊரையும் சொல்லி, இது முதல் ஓலை, இது இரண்டாம் ஓலை என்று அறிவிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார். மூன்றாம் ஓலையும் விழுந்துவிட்டால் கல்யாணம் கெட்டிப்பட்டுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னால் எதுவும் நடக்கலாம். மொட்டைக் கடுதாசி வரும், ஆகாதவர்கள் போய் எதையாவது ஊதிவிடுவார்கள். இரண்டாம் ஓலையோடு நின்றுபோன கல்யாணங்களை அம்மா விரல் மடக்கிச் சொல்வாள்.

எனக்கு முதல் ஓலை வாசித்த அன்று, பூசையில் முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெட்டியது. யாரோ போட்டோ பிடிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே தூண்தான் இருந்தது. பூசை முடிந்து வெளியே வெயிலுக்கு வந்தபோது, கண்ணுக்கு முன்னால் கடுகைக் கொட்டினாற்போல் கருப்புப் புள்ளிகள் மிதந்தன. தலையைத் திருப்பினால் அவையும் கூடவே வந்தன.

வீட்டில் அம்மா கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்தாள்.

“டாக்டரம்மா சொன்ன மின்னலாடி?”

“அதுதான் போலருக்கு.”

அம்மா மறந்துபோய்விட்டாள், பாவம், படிக்காத பொம்பளை என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா எதையும் மறக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை என்னைவிட ஒழுங்காக ஒப்பிப்பாள்.

அப்பா, “நாளைக்கே மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்” என்றார்.

“எப்படிப் போவீக? பஸ்ஸு அவுக கடை வாசல்லதான் போயி நிக்கும். ரயிலும் அங்க நின்னுதான் போகுது. ஓலை விழுந்த பொண்ண எங்க கூட்டிட்டுப் போறீகன்னு கேட்டா என்ன சொல்லுவீக?”

“நத்தம் வழியாப் போனா கொடைரோடு வராதுல்ல.”

“போயி? அங்க படுக்கப் போட்டுட்டாகன்னா? கண்ணாஸ்பத்திரியில பொண்ணு கெடக்குன்னு காதுல விழுந்தா ரெண்டாம் ஓலைய வாசிக்க விடுவாகளா?” அப்பாவிடம் அப்படிக் கத்திவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கொஞ்சம் பொறுத்துக்கடி. மூணு ஓலையும் முடியட்டும். மறுநாளே போவோம்.”

அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண ஆசை என்று சொன்னாலாவது ஒரு காரணமாக இருக்கும். மாப்பிள்ளையின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அம்மாதான் முடிவு செய்வாள். என் கண்ணும் அந்த வீட்டில்தான் இருந்தது.

அம்மா என்னைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். குடத்தைத் தூக்க விடவில்லை, குனிந்து கூட்ட விடவில்லை. கோயில் எண்ணெயைக் கொண்டுவந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் இமையில் தடவி, செபமாலை சொன்னாள். அந்த எண்ணெயில் பழைய தேங்காய் வாசனை அடிக்கும்.

வாரத்தின் நடுவில் திரை விழத் தொடங்கியது. மேலேயிருந்து விழும் என்று நினைத்திருந்தேன். எனக்கு மூக்கோரம் கீழேயிருந்து ஏறியது. கருப்புத் துணியின் விளிம்பு மாதிரி, ஆனால் கொஞ்சம் அலையோடு இருந்தது. அம்மா தினமும் காலையில் காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கேட்பாள், குளத்தில் தண்ணீர் எம்புட்டு ஏறியிருக்கு என்று கேட்பதைப் போல.

“எதுவரைக்கும் வந்திருக்கு?”

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கையை முகத்துக்கு முன்னால் வைத்துக் காட்டுவேன். “இதுவரைக்கும்.”

“இன்னும் பாதிக்கு மேல இருக்குல்ல. மாதா பாத்துக்குவா.”

இரண்டாம் ஓலை வாசித்தபோது வலது கண்ணுக்குச் சாமியாரின் நெஞ்சுக்கு மேலேதான் தெரிந்தது. மூன்றாம் ஓலையின்போது இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சாமியாரின் முகம் இல்லை, மேலே விளக்கு மட்டும் இருந்தது, அதுவும் நெளிந்திருந்தது. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அவர் வாசித்தார். எனக்குத் தெரியும். பக்கத்தில் அம்மாவுக்குத் தெரியும். ஆண்கள் பக்கத்தில் அப்பாவுக்குத் தெரியும். பிறகு எல்லோரும் எழுந்து நின்று பாடினோம்.

திரும்பும் வழியில் அம்மா பிரியாணிப் பொட்டலம் வாங்கச் சொன்னாள். அந்த இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

மறுநாளே போனோம். அதில் அம்மா சொன்ன சொல் தவறவில்லை. மூன்று ஓலையும் முடிந்த பிறகும் நத்தம் வழியாகத்தான் போனோம். கேட்டால், எதுக்கு வம்பு என்றாள்.

டாக்டரம்மா, “எப்ப இருந்தும்மா?” என்று கேட்டார்.

“நேத்து சாயங்காலத்துல இருந்துதாங்க டாக்டர்” என்றாள் அம்மா.

டாக்டரம்மா என் கண்ணுக்குள் நீண்ட நேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வாரம் இருக்கும். மின்னல்தான் மொதல்ல” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையில் இருந்த லென்ஸைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதியும் உரிந்துவிட்டது, படிக்கிறதும் முகம் பார்க்கிறதும் அந்த நடுப்பகுதியால்தான் என்றார். ஒட்ட வைக்கலாம், ஒட்டினாலும் எவ்வளவு பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது.

“மொத நாளே வந்திருந்தா?” என்று அப்பா கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“லேசர் வச்சிருப்பேன் சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பீங்க.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவரில் எழுத்து வரிசை பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அட்டை ஒன்று மாட்டியிருந்தது. அதை இடது கண்ணால் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

வலது கண்ணில் ஆபரேஷன் செய்து, உரிந்ததை ஒட்டி, அது மறுபடி எழும்பாமல் அழுத்திப் பிடிக்க உள்ளே சிலிகான் எண்ணெய் நிரப்பினார்கள். சில மாதம் கழித்து அதை எடுத்துவிடுவார்களாம். இடது கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருந்தன. அங்கெல்லாம் வயலுக்கு வேலி போடுகிற மாதிரி லேசர் வைத்தார்கள். வலது கண்ணுக்காக நான் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். அதனால் அந்த நாட்களில் வந்து பார்த்தவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. கால்களைத்தான் பார்த்தேன்.

குறித்த நாளில் கல்யாணம் நடத்த முடியாது என்று ஆகிவிட்டது. அப்பா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, கொடைரோட்டில் அந்தக் கடை வாசலிலேயே இறங்கி, சோடாபுட்டியிலிருந்து எண்ணெய் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். வாழ்நாளில் அம்மாவைக் கேட்காமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் முன்னால் செய்திருக்கலாம்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஜோடிக் கால்கள் வந்தன. மெட்டி போட்ட வெடித்த பாதங்கள் மாப்பிள்ளையின் அம்மாவுடையவை.

“மறு கண்ணு நல்லாருக்குல்ல?” என்றுதான் முதலில் கேட்டார்.

“இருக்கு மதினி” என்றாள் அம்மா.

“அப்பறம் என்ன? எண்ணெய எடுத்த பெறகு கல்யாணத்த வச்சுக்குவோம். இதுக்குப் போயா மறைச்சீக? ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே கார் வச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே!”

உண்மையில் கூட்டிக்கொண்டு வந்திருப்பாரா, இல்லை மூன்றாம் ஓலைக்கு முன்னால் நிறுத்தியிருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நடந்து முடிந்த பிறகு எல்லோருக்கும் மனசு பெரிசாகிவிடுகிறது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகி இத்தனை வருஷம் ஆகியும் அவரைக் கேட்டதில்லை. ஆனால் அம்மா அந்த வார்த்தையை அப்படியே நம்பினாள். எதற்குப் பயந்து என் கண்ணைப் பிடித்து வைத்திருந்தாளோ, அது இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. அதற்குப் பிறகு அம்மா சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

இன்னொரு ஜோடி, தூசி படிந்த ரப்பர் செருப்பு. அது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“வலிக்குதா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“இல்ல.”

“திராட்சை கொண்டாந்தேன். கொட்டை இல்லாதது.”

குனிந்தபடியே தின்றேன். இனிப்பாக இருந்தது.

வலிக்கவில்லை என்றது உண்மைதான். எனக்குக் கோபமும் வரவில்லை. வரும் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தால் அம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றுகூட மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது. கிள்ளிப் பார்த்தால் கிள்ளியது மட்டும் தெரிந்தது.

மாதங்கள் கழித்து எண்ணெயை எடுத்தார்கள். எடுத்த பிறகு எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தப் ‘பார்க்கலாம்’ என்பதை அம்மா பிடித்துக்கொண்டு தொங்கினாள். கட்டுப் பிரித்த அன்று என்னை மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார்கள். இடது கண்ணை மூடிவிட்டு டாக்டரம்மா விரல்களைக் காட்டினார். எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. கையை ஆட்டினார். ஏதோ அசைவது தெரிந்தது.

“இதுதாம்மா இருக்கும். இதுக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம். விழித்திரை ஒட்டியிருக்கு, அந்த மட்டுக்கும் நல்லது. சொட்டு மருந்த மட்டும் விடாம போடுங்க” என்றார்.

வெளியே பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து நின்றாள். எப்படி இருக்கு என்று அவள் கேட்டதுகூட உதட்டசைவாகத்தான் இருந்தது.

“பரவால்லம்மா. போகப் போக நல்லாத் தெரியுமாம்” என்றேன்.

அம்மா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அப்பாவோடு எரியோட்டுப் பக்கம் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினாள். மத்தியானம் நான் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, கண் இரண்டையும் மூடிப் படுத்திருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா பின்கட்டில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அம்மா வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் உள்ளங்கை என் இடது கண்ணின் மேல் வந்து மூடிக்கொண்டது.

“இப்பத் தொற. வலது கண்ண மட்டும்.”

திறந்தேன். வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்கு நடுவில் கொஞ்சம் கருப்பாக அம்மா இருந்தாள்.

“தெரியிறேனாடி?”

“தெரியிறம்மா.”

“என்ன கலர் சேல கட்டியிருக்கேன்?”

“பச்சை.” நான் யோசிக்கவே இல்லை.

அம்மா கையை எடுக்கவில்லை.

“வந்ததும் மாத்திட்டேன்டி” என்றாள்.

பிறகு கையை எடுத்தாள். வீட்டில் கட்டுகிற வெளுத்த ரோஸ் புடவையில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. மின்னல் வெட்டிய நாளிலிருந்து வராத அழுகை. மூச்சு முட்டுகிற அளவுக்கு அழுதேன். பார்க்கிற கண்ணும் அழுதது, பார்க்காத கண்ணும் அழுதது. அம்மா அழவில்லை. தலைப்பை எடுத்து என் வலது கண்ணின் ஓரத்தில் மெதுவாக ஒற்றினாள்.

“அழாதடி. இப்பத்தான மருந்து விட்ருக்க, போயிரும்.”

சாயங்காலம் அடுத்த வேளைச் சொட்டை அவளே விட்டாள்.